அரசமரத்துப் பொந்து



இன்று பங்குனிப் பௌர்ணமி. வைகாசித் திருநாளுக்கு இன்னும் இரண்டே திங்கள்கள் உள. அன்று கோலார் தங்கவயலிலிருந்தும் நகரின் பல பகுதிகளிலிருந்தும் வரும் குடும்பங்கள் பகல் முழுதும் நம் விகாரத்து அரசமரத்தின் நிழலிலேயே அமர்வர். குழந்தைகள் அதன் வேர்களில் ஏறி விளையாடுவர். அம்மரத்தின் மேற்குப் புறத்தில், இடுப்பளவு உயரத்தில், ஒரு பொந்து விழுந்திருப்பதை யாவரும் அறிவீர்கள். கையை விட்டால் முழங்கை வரை செல்கிறது. உள்ளே கை பட்ட இடம் ஈரமான புகையிலைத் தூள்போல உதிர்கிறது.

இதைக் குறித்துச் சங்கக் கூட்டத்தில் மூன்று கருத்துகள் எழுந்தன. பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து சிமெண்டுக் கலவையால் அடைத்துவிடலாம் என்றனர் சிலர். திருநாளுக்கு முன்னரே மரத்தை வெட்டிவிடுவதே உத்தமம் என்றனர் சிலர். போதி விருக்ஷத்தில் இரும்பு படுவதே மகாபாவம், விளக்கேற்றி வணங்குவோம், மற்றதை மரம் பார்த்துக்கொள்ளும் என்றனர் மற்றும் சிலர். மூன்று கட்சியாரும் நல்லெண்ணம் உடையவர்களே. ஆயினும் மரம் தன் புண்ணை எவ்வாறு நடத்துகின்றது என்பதை ஒருவரும் விசாரித்தாரில்லை. நோயின் காரணத்தை அறியாமல் மருந்தைப் பற்றிப் பேசுவது பகவான் காட்டிய முறையன்று. ஆகையால் இன்றைய உபதேசத்தை அம்மரத்தைப் பற்றியே வைத்துக்கொள்கிறேன்.

மரத்தில் உயிருள்ள பாகம் எது? பட்டைக்கு அடியில் மெல்லிய ஓர் உயிர்ப் படலம் உளது. அதுவே காலந்தோறும் உட்புறமாகப் புது மரத்தையும் வெளிப்புறமாகப் புதுப் பட்டையையும் பிறப்பிக்கின்றது. அதற்கு அடுத்த இளமரமாகிய வெளிறு, வேர் உறிஞ்சிய நீரை இலைக்கு ஏற்றுகின்றது. நடுவில் இருக்கும் முதிர்ந்த மரமோ பெரும்பாலும் உயிரற்றது. தூணைப்போல் தாங்கி நிற்பதே அதன் வேலை. தேக்கிலும் வேம்பிலும் அதனை வைரம் என்கிறோம். அரசில் அத்துணை வைரமும் இல்லை.

மஜ்ஜிம நிகாயத்தில் வைரம் தேடிக் காட்டுக்குச் சென்றவனுடைய உவமை இரண்டு சூத்திரங்களில் வருகின்றது. அவன் இலையையும் பட்டையையும் வெளிற்றையும் எடுத்துக்கொண்டு வைரம் கிடைத்ததென்று மகிழ்ந்து திரும்புகிறான். அங்கே வைரமே மேலானது. ஏனெனில் அவன் மரம் கொண்டு வேலை செய்யப் புறப்பட்டவன். நாமோ நிற்கும் மரத்தை வாழவைக்க நினைக்கிறோம். நமக்கு வெளிறும் பட்டையுமே பிரதானம். நடுமரம் முழுதும் உளுத்துப்போன புளியமரங்கள் பல ஆண்டுகள் காய்த்துக்கொண்டிருப்பதை நெடுஞ்சாலைகளில் நீங்கள் கண்டதில்லையா? பொந்து விழுந்த மரம் செத்த மரமன்று.

அப்பொந்து எவ்வாறு உண்டாயிற்று? புழு தின்றது, கரையான் தின்றது என்று சொல்லுகிறோம். முதற் காரணம் அவையல்ல. எங்கேயோ ஒரு காயம் நேர்ந்தது. கிளை முறிந்தது, வண்டி உரசிற்று, ஆணி அறையப்பட்டது, அல்லது கிளையை வெட்டியவன் தாறுமாறாக வெட்டினான். அக்காயத்தின் வழியே காற்றில் மிதந்த காளான் வித்துகள் உட்புகுந்தன. நாம் குடைபோலக் காணும் காளான் அவ்வுயிரின் காய் மாத்திரமே. அதன் உடல் நூலினும் நுண்ணிய இழைகளாக மரத்தினுள் ஓடி அதனைக் கரைத்து உண்கின்றது. சில காளான்கள் மரத்தின் நாரைத் தின்று, பழுப்பு நிறக் கட்டிகளாக நொறுங்கும்படி விட்டுவிடும். சில, நாரைப் பிணைக்கும் பசையையும் தின்று வெண்மையான பஞ்சுபோல ஆக்கிவிடும். கரையானும் எறும்பும் வருவது பெரும்பாலும் இதற்குப் பிறகே.

இனி, மரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் உடம்பில் புண் ஏற்பட்டால் கெட்ட தசை நீங்கி அவ்விடத்திலேயே புதுத் தசை தோன்றும். மரத்திற்கு அச்சக்தி இல்லை. ஒருமுறை உண்டான மரத்தைத் திரும்பவும் புதிதாக்க அதனால் இயலாது. மேலே மேலே சேர்க்க மாத்திரமே இயலும். நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் நெசவாலையில் தறி ஓட்டியவன். நெய்து உருளையில் சுற்றிவிட்ட துணியில் ஒரு பழுது விழுந்திருந்தால் அது துணியோடேயே இருக்கும். தறியை நிறுத்தி நெய்ததைப் பிரித்துக்கொண்டிருப்பாரில்லை. பாவை நேராக்கி மேற்கொண்டு நெய்ய வேண்டியதுதான். மரத்தின் காரியமும் அத்தகையதே.

ஆனால் மரம் தறியைவிடப் புத்தியுள்ளது. அமெரிக்க நாட்டு வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ (1930–2006) என்பார், இயந்திர இரம்பத்தால் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கே அறுத்து, உளுப்பு எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று ஆராய்ந்தார். 1977இல் அவ்வாராய்ச்சியைத் தொகுத்து வெளியிட்டார். அவர் கண்டது யாதெனில், காயம்பட்ட மரம் அவ்விடத்தை ஆற்றுவதில்லை, சுவர் எழுப்பி ஒதுக்கிவிடுகிறது என்பதாம். மேலும் கீழும் உளுப்பு பரவாதபடி நீர்க்குழாய்களை அடைத்துக்கொள்ளும், இச்சுவர் பலவீனமானது. உள்நோக்கிப் பரவாதபடி வளையங்களே ஒரு சுவராகும். பக்கவாட்டில் பரவாதபடி மற்றொரு சுவர். இவையெல்லாம் காலப்போக்கில் உடையக்கூடும். நான்காவது சுவரோ காயம்பட்ட பின்னர் உயிர்ப்படலம் புதிதாகக் கட்டுவது. அன்றிருந்த மரத்திற்கும் அதன்பின் பிறக்கும் மரத்திற்கும் நடுவே அது நிற்கும். அதுவே எல்லாவற்றிலும் உறுதியானது. அதனாலேயே உள்ளே முழுதும் உளுத்துப்போயினும் வெளியே புதுமரம் கெடாமல் வளர்கின்றது. பொந்தின் வாயைச் சுற்றி உதடுபோல் பருத்துச் சுருண்டிருக்கிறதே, அது அப்புது வளர்ச்சியேயாகும்.

இதைப் படித்தபோது எனக்கு அங்குலிமாலருடைய சரித்திரமே நினைவுக்கு வந்தது. அவர் பிக்குவானார், அரகந்தரானார். ஆயினும் சாவத்தி நகரில் பிச்சைக்குச் சென்றபோது கல்லும் கழியும் அவர் தலையில் விழுந்து இரத்தம் வழிந்தது. செய்த வினை செய்யாததாகிவிடவில்லை. பகவானும் அதைத் துடைத்தெறியவில்லை. பொறுத்துக்கொள் என்றே அருளினார். அங்குத்தர நிகாயத்தில் உப்புக் கல்லின் உவமையும் உளது. சிறு கிண்ணத்து நீரில் ஒரு கல் உப்பு விழுந்தால் அந்நீரைக் குடிக்க முடியாது. அதே உப்பு கங்கையில் விழுந்தால் கங்கை கரிக்காது. உப்பு எங்கும் போய்விடவில்லை, நீர் பெருகிற்று. அரசமரத்துப் பொந்தும் உப்புக் கல் போன்றதே. அதை இல்லாததாக்க நம்மால் ஆகாது. சுற்றிலும் வளர வேண்டியதை வளரவிடுவதே நம் கடமை.

இவ்வளவும் தெரிந்தபின் சுரண்டி அடைக்கலாம் என்போரின் யோசனையைச் சோதித்துப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மரவைத்தியர்கள் இதையே செய்தனர். பல் வைத்தியர் சொத்தைப் பல்லைக் குடைந்து அடைப்பதுபோலப் பொந்தை உளியால் கொத்தி, நல்ல மரம் தெரியும்வரை சுரண்டி, கற்காரையால் நிரப்பினர். பார்வைக்கு மிக அழகாக இருந்தது. நல்ல மரம் தெரியும்வரை சுரண்டுகிறவன் எதைச் சுரண்டுகிறான்? மரம் அரும்பாடுபட்டுக் கட்டிய சுவரையே இடிக்கிறான். இதுவரை உளுத்த பாகத்தில் அடைபட்டிருந்த காளான், அவன் திறந்த வழியே நல்ல மரத்திலும் நுழைகின்றது. சிமெண்டோ காற்றில் அசையாது, மரம் அசையும். ஒவ்வொரு காற்றுக்கும் இரண்டும் உராய்ந்து இடையே பிளவு உண்டாகி, மழைநீர் உட்புகுந்து வெளியேற வழியின்றி நிற்கும். பலத்திற்காக அடைத்த கல், ஈரத்தைக் காத்துக் காளானுக்கு விருந்து வைக்கின்றது.

வேறு சில வைத்தியங்களும் உள. பொந்தில் நீர் தேங்குகிறதே, கீழே துளையிட்டு வடித்துவிடலாம் என்பார்கள். துளையிடுவது புதுக்காயம், அதே சுவரை வேறோர் இடத்தில் உடைப்பது. வெட்டுவாயில் தார் பூசினால் பாதுகாப்பு என்பதும் நெடுநாள் வழக்கம். உளுப்பைத் தார் தடுப்பதில்லை என்று ஷிகோவும் பிறரும் சோதித்துக் கண்டனர். போர்டோப் பசை சில பட்டை நோய்களுக்கு உதவும்; மரத்தினுள் உளுப்பதற்கு அது மருந்தன்று. பொந்தில் உதிர்ந்து கிடக்கும் தூளைக் கையால் அள்ளிவிடுங்கள். அதற்குமேல் உளியோ கொத்தோ உள்ளே போகவேண்டாம்.

விளக்கேற்றுவோம் என்ற தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பொந்தினுள் அகல் வைக்கிறீர்கள். உள்ளே கரி படிந்திருக்கிறது, எண்ணெய் வழிந்திருக்கிறது. உளுத்த மரம் பஞ்சுபோல் தீப்பற்றும். வெளியே தெரியாமல் உள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். புத்தகயையில் இப்போது விளக்குகளுக்கென்று தனி மண்டபங்கள் அமைத்து அங்கேயே ஏற்றச் செய்திருக்கிறார்கள். அங்குள்ள மரத்தை 2007 முதல் தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் வந்து பரிசோதித்து வருகின்றனர். அங்கே செய்யத்தக்கது இங்கே செய்யத் தகாததா? வேரில் பால் ஊற்றுவதையும் நிறுத்தவேண்டும். பால் புளித்து நாறுமேயன்றி வேருக்குச் சேராது. அதை ஒரு குழந்தைக்குக் கொடுங்கள்.

போதி விருக்ஷம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்போர் அவ்விருக்ஷத்தின் சரித்திரத்தை அறியவேண்டும். 1862இல் கன்னிங்காம் துரை புத்தகயைக்குச் சென்றபோது மரம் மிகவும் உளுத்திருந்தது. மேற்குப் பக்கத்துக் கிளைகளில் மாத்திரம் பசுமை இருந்தது, மற்றவை பட்டையிழந்து நின்றன. 1876இல் ஒரு புயலில் எஞ்சியிருந்ததும் சாய்ந்தது. அதன் கன்றுகளில் ஒன்றே அவ்விடத்தில் வைக்கப்பட்டு இன்று நாம் வணங்கும் மரமாய் நிற்கின்றது. எல்லாம் அநித்தியம் என்று போதித்தவர் அமர்ந்த மரத்திற்கு மாத்திரம் அந்நியதி பொருந்தாதா? அந்தப் புயலின்போது அதன் அடியில் ஆயிரம் பேர் அமர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆலமரத்தைக் காட்டிச் சிலர் வாதிக்கின்றனர். கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் சிப்பூர் தாவரத் தோட்டத்துப் பேராலமரம் 1864, 1867ஆம் ஆண்டுகளின் புயல்களில் அடிபட்டு, காளான் பற்றி, ஏறத்தாழ 50 அடிச் சுற்றளவுடைய அதன் அடிமரம் 1925இல் அகற்றப்பட்டது. இன்றும் அம்மரம் மூவாயிரத்துக்கு மேற்பட்ட விழுதுகளால் ஒரு வனம்போல நிற்கின்றது. நம் பெங்களூருக்கு அருகில் கேதோஹள்ளிப் பெரிய ஆலமரத்துக்கும் 2000ஆம் ஆண்டளவில் அடிமரம் நோயால் போயிற்று; மரம் போகவில்லை. உண்மைதான். ஆனால் ஆலுக்கு விழுது உண்டு. ஒவ்வொரு விழுதும் ஓர் அடிமரமாகும். அரசுக்கு அவ்வாறு விழுது ஊன்றும் இயல்பு இல்லை. அதற்கு அடிமரம் ஒன்றே துணை. ஆகவே ஆலுக்குச் சொன்ன சமாதானம் அரசுக்கு ஆகாது.

அவ்வாறாயின் வெட்டிவிடலாமா? பொந்து ஒன்றைக் கண்டே வெட்டத் துணிவது அவசரம். உட்குழலான மூங்கில் எத்தனை பாரம் தாங்குகிறது! சுற்றிலும் கெட்டியாக நிற்கும் மரச்சுவர் அடிமரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு தடிப்பாவது இருந்தால் குழலான மரம் சாதாரணமாக நிற்கும் என்பது நிபுணர் கொள்ளும் அளவு. ஆரம் 30 அங்குலமானால் 10 அங்குலச் சுவர். ஆனால் நம் மரத்தைப்போல் ஒருபுறம் வாய் திறந்த பொந்துக்கு இக்கணக்கு மட்டும் போதாது. வாய் அகல அகல மரம் வலிமை இழக்கும். மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டிக் கேட்டால் கெட்டியான இடம் ஒரு ஒலி தரும், வெற்றிடம் பறையொலி தரும். தறியின் ஓசை மாறியதைக் கேட்டே எந்த உறுப்பு தேய்ந்தது என்று சொல்லும் தொழிலாளர் நம்மில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது எளிது. இலை தழைத்திருப்பதைக் கண்டு ஏமாறவேண்டாம். இலைக்கு வெளிறு போதும், நிற்பதற்கு அது போதாது. வேரருகில் தட்டுத்தட்டாகக் கடினமான காளான் முளைத்தாலும், ஒருபுறம் மண் வெடித்து வேர் எழும்பினாலும் அவையே அஞ்சத்தக்க குறிகள். நம் மரத்தில் இவ்விரண்டும் இன்றுவரை காணப்படவில்லை. எனினும் நம் காதும் கண்ணும் முடிவான சாட்சியல்ல. லால்பாக்கிலுள்ள தோட்டக்கலைத் துறையாரை அழைத்துக் காட்டுவதென்று சங்கம் தீர்மானிக்கவேண்டும். விழும் நிலையிலுள்ளது என்று அவர்கள் சொல்வார்களாயின் நான் தடை கூறேன். மரத்தின்மீதுள்ள பக்தியால் ஒரு குழந்தையின் உயிரைப் பணயம் வைப்பது சீலமன்று.

இரும்பு படலாமா என்ற கேள்விக்கு வருவோம். வளரும் தாவரத்தைச் சேதப்படுத்துவது பிக்குகளுக்குப் பாசித்தியக் குற்றம் என்று வினயம் விதிக்கின்றது, பதினோராவது விதி. ஆளவி நகரில் பிக்கு ஒருவர் தேவதை குடியிருந்த மரத்தை வெட்டியதிலிருந்து அவ்விதி பிறந்தது. இது பிக்குகளுக்குரியது, இல்லறத்தார் பயிரிடவும் கிளை கழிக்கவும் வேண்டியவர்கள். ஆனால் விதியின் கருத்து நமக்கும் உரியதே. அம்மரம் பிறருடைய வீடு என்பதே அக்கருத்து. தேவதையை நான் கண்டதில்லை. ஆந்தையையும் கிளியையும் மைனாவையும் வௌவாலையும் கண்டிருக்கிறேன். பொந்தை அடைக்கும் கொத்தனார் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டா அடைப்பார்?

கரையானைப் பற்றியும் கேட்டார்கள். தெலுங்கானாவில் மகபூப்நகருக்கு அருகில் பிள்ளலமர்ரி என்னும் பழைய ஆலமரம் உளது. கரையான் அரித்து 2017இல் பெருங்கிளை விழுந்தபின், 2018இல் வனத்துறையார் நூற்றுக்கணக்கான புட்டிகளில் குளோர்பைரிபாஸ் மருந்தைக் கலந்து, நோயாளிக்கு ஏற்றுவதுபோலச் சொட்டுச் சொட்டாக ஏற்றினர். கிளைகளுக்குத் தூண் கொடுத்துத் தாங்கினர். அம்மரம் பிழைத்தது, அவர்களைக் குறை கூறேன். நம் மரத்திற்கு அந்நிலை வரவில்லை. காய்ந்த கிளைகளை அகற்றி, அடிமரத்தைச் சுற்றிக் குவிந்த குப்பையையும் பூமாலையையும் தினந்தோறும் எடுத்துவிட்டால் கரையானுக்கு அங்கே வேலை குறையும். கொல்லாமல் முடியும் காரியத்தைக் கொன்று முடிப்பானேன்?

இனி, செய்யவேண்டியவை. மரத்தின் பெரும்பகை பொந்தன்று, அதன் கழுத்துவரை நாம் கட்டிய மேடையே என்பது என் துணிபு. சிமெண்டுத் தளம் அடிமரத்தோடு ஒட்டியிருக்கிறது; வேருக்கு நீரும் காற்றும் செல்ல வழியில்லை. உணவில்லாத மரம் எந்தச் சுவரைக் கட்டும்? டில்லி நகரில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரம் கற்காரையை அகற்றவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. நாமும் முதலில் மேடையை அவ்வளவேனும் உடைத்தெடுக்கவேண்டும். கடப்பாறையை வேரில் பாய்ச்சாமல் சிறு உளியால் மெல்ல உடையுங்கள். மண்ணைக் கிளறவேண்டாம், காய்ந்த சருகை மூன்று விரற்கடை உயரம் பரப்பி, அடிமரத்தில் படாமல் தள்ளி வையுங்கள். பெயர்ப்பலகைகளைத் தாங்கும் ஆணிகளில் எளிதில் வருவனவற்றைப் பிடுங்கலாம். மரம் விழுங்கிவிட்டவற்றைத் தோண்டவேண்டாம். இனி ஒன்றும் அறையலாகாது, நன்கொடையாளர் பெயராயினும் சரி.

பாதையின்மேல் நீண்டுள்ள வடகிளையின் பாரத்தை மாத்திரம் நுனியில் குறைக்கவேண்டும், துறையார் சம்மதித்தால். கிளை தாய்க்கிளையோடு சேருமிடத்தில் மோதிரம்போல் ஒரு வீக்கம் இருக்கும். அதை வெட்டலாகாது, அதற்கு வெளியே வெட்டவேண்டும். முளைபோல் நீளமாக விடவும் கூடாது. முதலில் அடிப்புறம் சிறிது அறுத்து, பின் சற்று வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கி, மூன்றாவதாக முளையை எடுத்தால் பட்டை உரியாது. அறுத்த இடத்தில் ஒன்றும் பூசவேண்டாம்.

அரசங்கன்று ஒன்றையும் இப்பொழுதே கிழக்குச் சுவரிலிருந்து தள்ளி நட்டுவைப்போம். நம் மரம் நூறாண்டு நிற்பினும் கன்று இருந்தால் குற்றமில்லை.

ஒரு தடை உளது. அவ்வடகிளையின் முறிந்த கணுவில் கிளிகள் குஞ்சு பொரித்திருக்கின்றன. நேற்று மாலை தாய்க்கிளி இரைகொண்டு நுழைந்ததைப் பலரும் பார்த்தோம். குஞ்சுகள் பறக்கும்வரை அக்கிளையில் இரம்பம் வைக்கலாகாது. அதுவரை கிளைக்குக் கீழே கயிறு கட்டி ஒருவரும் அமராதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இளைஞர் அணியார் ஏற்றிருக்கிறார்கள். மேடையை உடைக்கும் வேலை வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தொடங்கும்; உளியும் கூடையும் உள்ளோர் கொண்டுவருக.